வெளியூர்ச் சம்பளம்

அமெரிக்காவில் ஏப்ரல் பிறந்ததும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைத்துவிடுவார்கள் என்பதை எனக்கு முதலில் சொன்னவர், குர்கானில் எங்கள் ஆபீஸ் வாசலில் பராத்தா போட்டுக்கொண்டிருந்த பெரியவர். 2001ஆம் வருஷம். நான் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. "நாளையிலிருந்து உங்களுக்கெல்லாம் ஆறரைக்கே ஷிஃப்ட். நானும் சீக்கிரமே மாவு பிசைந்துவிடுவேன், பசியோடு மேலே ஏறாதே" என்றார். அலிகர் பக்கத்துக்காரர். நியூயார்க்கில் காலை ஒன்பது மணி என்றால் நமக்குக் கோடையில் சாயங்காலம் ஆறரை, குளிர்காலத்தில் ஏழரை என்ற கணக்கு அவருக்கு விரல் நுனியில் இருந்தது. 2007இல் அமெரிக்கா அந்த மாற்றத்தை மார்ச் இரண்டாவது ஞாயிறுக்கு நகர்த்தியபோதும், கேப் டிரைவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு முன்கூட்டியே தயாராக இருந்தார். எத்தனை கிலோ உருளைக்கிழங்கு வேகவைப்பது, கூட ஒரு பையனை எந்த நேரத்துக்கு வரச்சொல்வது, எல்லாம் அந்த ஊர் சூரியனை வைத்துத்தான்.

வெளிநாட்டுக் கம்பெனிகளுக்காக இங்கே உட்கார்ந்து வேலை செய்வதைப் பற்றிப் பேசும்போது ஏற்றுமதிக் கணக்கைச் சொல்வார்கள். 2024-25இல் இந்தியாவின் சேவை ஏற்றுமதி சுமார் 38,700 கோடி டாலர். ஐ.டி., கால் சென்டர், கணக்கெழுதுவது, வடிவமைப்பது, ஆலோசனை சொல்வது எல்லாம் அதில் அடக்கம். அந்தத் தொகைக்குள் எங்கேயோ அந்தப் பெரியவரின் தவாவும் இருக்கிறது. எந்த வரியில் இருக்கிறது, அவருக்கு அதில் என்ன கிடைத்தது என்ற கேள்வி இத்தனை வருஷமாக என் மனசைவிட்டுப் போகவில்லை.

டெல்லிக்கு இந்த வேலை வந்த கதையைச் சொல்கிறவர்கள் 1990களின் தொடக்கத்தில் ஆரம்பிப்பார்கள். அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் பல நாடுகளில் சிதறிக் கிடந்த தன் கணக்கு வேலைகளை டெல்லியில் கொண்டுவந்து சேர்த்தது. 1997இல் ஜி.ஈ. கம்பெனி குர்கானில் கடை விரித்தது. பிற்பாடு ஜென்பேக்ட் என்று பெயர் மாறியது அதுதான். இரண்டு இடத்திலும் இருந்தவர் ராமன் ராய். 2000இல் அவர் ஓக்லாவில் ஸ்பெக்ட்ராமைண்ட் என்ற கம்பெனியைத் தொடங்கினார், 2002இல் அதை விப்ரோ வாங்கிக்கொண்டது. அதே 2002 ஏப்ரலில்தான் வெளிநாட்டுத் தொலைபேசியில் வி.எஸ்.என்.எல். நிறுவனத்துக்கு இருந்த ஏகபோகம் முடிந்தது. தொலைபேசிக் கட்டணம் இறங்க இறங்க, இரவில் விளக்கு எரியும் கட்டடங்கள் கூடிக்கொண்டே போயின.

இதிலெல்லாம் எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. உலகத்தின் பெரிய கம்பெனிகள் எல்லாம் வந்து உட்கார்ந்த குர்கானுக்கு 2008 வரை மாநகராட்சி கிடையாது. 1975இல் ஹரியானா கொண்டுவந்த சட்டம் தனியார் லைசென்ஸ் வாங்கி நகர் கட்ட வழி செய்தது. டி.எல்.எஃப். கட்டுமானக் கம்பெனியின் கே.பி. சிங் விவசாயிகளிடம் நிலம் வாங்கிச் சேர்த்தார். கட்டடம் எழுந்த வேகத்துக்குச் சாக்கடை எழவில்லை. ஒவ்வொரு கட்டடமும் தனக்கென்று டீசல் ஜெனரேட்டர், தனக்கென்று ஆழ்துளைக் கிணறு, தனக்கென்று காவல்காரர்கள் என்று ஒரு தனி ராஜ்யமாக நடந்தது. மழை பெய்தால் வாசலுக்கு வெளியே முழங்கால் தண்ணீர். உள்ளே நாங்கள் ஒஹையோவில் இருக்கும் ஒருவருக்கு, அவர் வீட்டுத் தண்ணீர் ஹீட்டரின் உத்தரவாதம் எப்போது முடிகிறது என்று பொறுமையாக விளக்கிக்கொண்டிருப்போம்.

சாலைக்கு அந்தப் பக்கம் சிக்கந்தர்பூர், நாதுபூர் கிராமங்கள். நிலத்தை விற்றவர்கள் ஊர்நத்தத்தில் மிஞ்சியிருந்த வீட்டடியில் மாடிக்கு மேல் மாடி எழுப்பி அறை அறையாக வாடகைக்கு விட்டார்கள். என் டீமில் இருந்த ஷில்லாங் பெண் நாதுபூரில் ஒரு அறையில் இருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். கீழ்த்தளத்தில் இரண்டு எருமைகள், சுவரில் வரட்டி, அதற்கு மேலே நாலு மாடியில் கான்பூர், இம்பால், டார்ஜிலிங் பிள்ளைகள். வீட்டுக்கார அம்மாள் வரட்டி தட்டிய கையைக் கழுவிக்கொண்டு வந்து வாடகை நோட்டை எடுத்தார். அவர் வீட்டுக்காரர் கோதுமை விதைத்த நிலத்தின் மேல்தான் எங்கள் ஆபீஸ் நின்றது. நாங்கள் அங்கே சம்பாதித்ததில் நல்ல பங்கு திரும்ப அந்த அம்மாளின் நோட்டுக்கே வந்து சேர்ந்தது. நிலம் இருந்தவர்களுக்கு இந்த வேலை ஒரு வகையில் பென்ஷன் ஆனது. அதே நிலத்தில் கூலிக்கு அறுத்தவர்கள் என்ன ஆனார்கள் என்று அந்த நோட்டில் இல்லை.

முதல் மாதச் சம்பளம் எட்டாயிரம் ரூபாய். கவரை அப்பாவிடம் கொடுத்தபோது வாங்கி சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். எவ்வளவு என்று கேட்கவில்லை. "அந்த ஊர்க்காரன் இதை எத்தனை நாளைக்குக் கொடுப்பான்?" என்று மட்டும் கேட்டார்.

அப்பாவும் வெளியூர்ச் சம்பளக்காரர்தான். 1962இல் நன்னிலம் பக்கத்திலிருந்து ஸ்டெனோகிராபராக டெல்லிக்கு வந்தவர். அந்தக் காலத்தில் செக்ரடேரியட்டில் எந்த அறையில் நுழைந்தாலும் டைப்ரைட்டருக்குப் பின்னால் ஒரு தஞ்சாவூர்க்காரரோ பாலக்காட்டுக்காரரோ இருப்பார் என்பார். நௌரோஜி நகரில் குவார்ட்டர்ஸ். மாதம் பிறந்ததும் முதல் வேலை சரோஜினி நகர் தபாலாபீசில் மணியார்டர். கூப்பனில் எழுத இருக்கும் கொஞ்ச இடத்தில் பொடி எழுத்தில் ஒரு கடிதமே எழுதிவிடுவார்: தங்கைக்குப் புடவை, வாய்க்கால் கரைக்கு இவ்வளவு, மீதியைச் செட்டியாரிடம் கொடுக்கவும். அந்தப் பணத்தில் ஊரில் கூரை வீடு ஓட்டு வீடானது, இரண்டு அத்தைகளுக்குக் கல்யாணம் ஆனது, பம்ப்செட் வந்தது. பம்ப்செட் வந்ததால் இரண்டு ஆளுக்குக் கூடுதல் வேலை வந்தது. நாங்கள் இங்கே ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் தேங்காயைத் தட்டித் தட்டிப் பார்த்து ஒன்றே ஒன்று வாங்கிக்கொண்டு வருவோம்.

டெல்லியில் சம்பாதித்து காவிரிக் கரையில் செலவழித்த தலைமுறை அது. என் சம்பளம் அதற்கு நேர்மாறு. பணம் தூரத்திலிருந்து வந்தது, செலவு நான் நடக்கும் தெருவில் நடந்தது. சம்பாதிக்கிறவர் ஊரைவிட்டுப் போகவேண்டிய அவசியமில்லாமல் வெளியூர்ப் பணம் ஊருக்குள் வருகிறது என்றால் அது எவ்வளவு பெரிய பாக்கியம் என்பது அப்பாவைப் பார்த்து வளர்ந்தவளுக்குத் தெரியும். தன் அம்மா செத்ததற்கு தந்தி வந்து, கிராண்ட் ட்ரங்க் எக்ஸ்பிரஸ் பிடித்து அவர் ஊர் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நான் அப்பாவின் கடைசி நாட்களில் அவர் கட்டிலுக்குப் பக்கத்திலேயே லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இந்த வேலையைக் குறை சொல்லி எழுதும் எதைப் படித்தாலும் முதலில் அதுதான் ஞாபகம் வரும்.

நௌரோஜி நகர் குவார்ட்டர்ஸ் இப்போது இல்லை. 2016இல் மத்திய அரசு ஏழு அரசுக் குடியிருப்புகளை இடித்துக் கட்ட முடிவெடுத்தபோது அதுவும் அதில் ஒன்று. 2018இல் மரங்களை வெட்டப்போகிறார்கள் என்று ஊர் திரண்டு, ஹைகோர்ட் தடை போட்டதெல்லாம் பேப்பரில் வந்தது. அப்பா மாலையில் ஈஸிசேர் போடும் வேப்பமரம் இருந்த இடத்தில் இன்று வேர்ல்ட் ட்ரேட் சென்டர் என்ற பெயரில் அலுவலகக் கோபுரங்கள் நிற்கின்றன. குமாஸ்தாக்கள் குடியிருந்த மண்ணை அலுவலகமாக விற்று, அந்தப் பணத்தில் மற்றக் குடியிருப்புகளைக் கட்டுவது திட்டம்.

நன்னிலம் பக்கத்துக் கொல்லுமாங்குடி பற்றியும் சொல்லவேண்டும். எங்கள் ஊருக்கு பஸ் பிடிக்க அங்கேதான் இறங்குவோம். 2007இல் சென்னை ஐ.ஐ.டி.யின் ஆதரவோடு டெசிக்ரூ என்ற கம்பெனி தொடங்கியது. தொடங்கியவர் சலோனி மல்ஹோத்ரா, டெல்லிப் பெண். நகரத்துக்கு ஆட்களை வரவழைக்காமல் கிராமத்துக்கு வேலையைக் கொண்டுபோவது என்பதே அதன் யோசனை. அவர்கள் மையம் வைத்த ஊர்களில் கொல்லுமாங்குடியும் ஒன்று என்று கேள்விப்பட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அப்பா வேலை தேடி டெல்லிக்கு வந்த அதே சாலையில் டெல்லியிலிருந்து வேலை போயிருக்கிறது. அடுத்தமுறை பெரியப்பா வீட்டு விசேஷத்துக்குப் போனபோது, கழுத்தில் அடையாள அட்டையோடு சைக்கிளில் போன பெண்களைப் பார்த்தேன். குர்கானில் நான் வாங்கியதைவிட அவர்கள் சம்பளம் குறைவுதான். ஆனால் வாடகை இல்லை, அம்மா கைச் சாப்பாடு, அந்தத் தெருத் தையல்காரரிடமே சுடிதார், அந்தத் தெருவிலேயே சீட்டு. என் அத்தை பேத்திக்கு அப்படியொரு வேலை கிடைத்திருந்தால் அவள் திருப்பூர் போயிருக்கமாட்டாள்.

ஜோஹோ மென்பொருள் கம்பெனி 2011இல் தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் அலுவலகம் திறந்ததையும், அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு 2019இல் தானே அந்தப் பக்கம் குடிபோனதையும் இதே வரிசையில் வைத்துத்தான் பார்க்கிறேன். அங்கே நடப்பது வெளிநாட்டுக்காரனின் வேலையை வாங்கிச் செய்வதல்ல, சொந்தச் சரக்கை வெளிநாட்டில் விற்பது. அது இன்னும் மேல். ஆனாலும் தெருவைப் பொறுத்தவரை விளைவு ஒன்றுதான். சின்ன ஊரில் விழும் இருபதாயிரம் சுவராகவும் கூரையாகவும் நிற்கிறது. குர்கானில் விழும் இருபதாயிரத்தில் பாதி மாதம் பிறந்த அன்றே வாடகையாகக் கைமாறிவிடுகிறது.

இரவு ஷிஃப்ட் முடிந்து வீடு திரும்பும் நேரம் விடியற்காலை. டாடா சுமோ, இல்லையென்றால் குவாலிஸ். ஓட்டுகிறவர்கள் மேவாத், ஆல்வார், ரேவாரிப் பக்கத்துப் பையன்கள். நிலத்தை அடமானம் வைத்தோ விற்றோ வண்டி எடுத்தவர்கள். கடைசியாக இறங்குகிறவர் பெண்ணாக இருந்தால் காவல்காரர் ஒருவர் கூட வருவார். அப்பா ரிட்டயர் ஆன பணத்தில் ஜங்புராவை ஒட்டிய போகலில் வாங்கிய சின்னத் தளத்துக்கு நாங்கள் குடிவந்திருந்த புதுசு. ராத்திரி போய் விடிகாலையில் திரும்பும் பெண்ணைப் பற்றி அக்கம்பக்கம் என்ன பேசியிருக்கும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. அந்தப் பேச்சுக்கு முற்றுப்புள்ளி வைத்தவர் எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அக்கா. எதிர்வீட்டு அம்மாளிடம் இந்தியில் உரக்கச் சொன்னாராம்: "அமெரிக்காவில் இப்பதான் பொழுது விடிஞ்சிருக்கு, அதனால இந்தப் பொண்ணு இப்ப வேலைக்குப் போகுது. உங்க வீட்டு மருமகனும் நைட்டு டூட்டிதானே?"

அக்கா மதராஸி கேம்ப்பில் இருந்தார். விழுப்புரம் பக்கத்து ஊர், கல்யாணமாகி வந்தவர். ஜஹாங்கீர் காலத்தில் கட்டிய பாராபுல்லா பாலத்தை ஒட்டி, நாலா என்று சொல்லும் கழிவுநீர்க் கால்வாயின் கரையில், 1960களின் கடைசியிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் குடியேறி உண்டான குடிசைப் பகுதி அது. ஜங்புரா, நிஜாமுதீன், லாஜ்பத் நகர் வீடுகளில் பெருக்கித் துடைப்பது, பாத்திரம், சமையல் என்று பெண்கள். பெயின்ட் அடிப்பது, கூலி வேலை என்று ஆண்கள். பிள்ளைகளில் பலர் லோதி எஸ்டேட் தமிழ்ப் பள்ளியில் படித்தார்கள். ஆடியில் கூழ் ஊற்றுவார்கள், எங்கள் வீட்டுக்கும் ஒரு தூக்கு வரும். காலை ஆறு மணிக்கு நான் கேப்பிலிருந்து இறங்கும்போது அக்கா நாலாவைத் தாண்டி நடந்து வந்துகொண்டிருப்பார். "பாப்பா, சாப்டியா? பராத்தா கடையிலயா? வயிறு என்னத்துக்கு ஆகும்" என்று கேட்டுக்கொண்டே என்னோடு படியேறுவார்.

2020 மார்ச்சில் எல்லாம் வீட்டுக்குள் வந்தது. அதுவரை கால் சென்டர் வேலையை வீட்டிலிருந்து செய்ய தொலைத்தொடர்புத் துறை ஏகப்பட்ட நிபந்தனை வைத்திருந்தது, வைப்புத்தொகை கட்டவேண்டும், பிரத்தியேக இணைப்பு வேண்டும் என்று. மார்ச் நடுவில் அவற்றைத் தற்காலிகமாகத் தளர்த்தினார்கள். நவம்பர் 5ஆம் தேதி புது விதிகளே வந்து, வீட்டில் உட்காருகிறவரும் ஆபீசின் நீட்சி என்று ஆகிவிட்டது. ஊரடங்கில் ஆனந்த் விஹார் பஸ் நிலையத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் ஊருக்கு பஸ் கிடைக்காமல் நின்ற அதே நாட்களில் எங்களுக்கு வீட்டுக்கே நாற்காலி வந்து இறங்கியது. வேலையைத் தூக்கிக்கொண்டு போகமுடிந்தவர்கள், முடியாதவர்கள் என்று ஊர் இரண்டாகப் பிரிந்ததை அவ்வளவு அப்பட்டமாக அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

மறு வருஷம் ஆபீசில் லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். வாசலில் பராத்தா வண்டி இல்லை. ஊருக்குப் போனவர் திரும்பவில்லை என்றார் காவல்காரர். பான் கடை, முட்டை ஆம்லெட், கரும்புச்சாறு எதுவும் இல்லை. என்னை வருஷக்கணக்கில் கொண்டுவந்து விட்ட மேவாத் தம்பிக்கு போன் செய்தேன். தவணை கட்டமுடியாமல் வண்டியை பைனான்ஸ்காரர்கள் எடுத்துப்போயிருந்தார்கள். நான் சம்பளத்தில் ஒரு ரூபாய் குறையாமல் வாங்கிக்கொண்டிருந்தேன். எங்கள் உழைப்பு கேபிளில் போனது, அதைச் சுற்றி நின்றவர்களின் பிழைப்பு சாலையில் இருந்தது. சாலை காலியானதும் அவர்களிடம் யாரும் நஷ்டக் கணக்கு கேட்கவில்லை. எந்த நாட்டின் ஏற்றுமதிப் புள்ளிவிவரத்திலும் அது பதிவாகவில்லை.

போகலில் வேறு மாதிரி. பணம் குர்கானை விட்டு எங்கள் தெருவுக்கு இடம் மாறியிருந்தது. இன்வெர்ட்டர் கடைக்காரர் இரண்டாவது கடை போட்டார். கேபிள் டி.வி. பையன் இன்டர்நெட் இணைப்பு கொடுக்கிறவனாகி ஸ்கூட்டர் வாங்கினான். இட்லி மாவு பாக்கெட் விற்க ஆரம்பித்த மாமிக்கு மூன்று ஆள் வேலை செய்கிறார்கள். ஆனால் வேப்பமரத்தடி இஸ்திரிக்காரருக்கு அடி. வீட்டில் உட்கார்ந்து வேலை செய்கிறவருக்கு மடிப்புக் கலையாத பேன்ட் எதற்கு? காலையில் மலையாகக் குவியும் துணிமூட்டை, கேமராவில் தெரியும் மேல்சட்டை நாலு என்று சுருங்கியது. அவர் கரிப்பெட்டியை அணைத்துவிட்டு சாயங்காலங்களில் பார்சல் கொடுக்கப் போனார்.

அக்காவுக்கு வேலை கூடியது. வீட்டில் ஆள் இருந்தால் மூன்று வேளைச் சமையல், மூன்று வேளைப் பாத்திரம். சம்பளத்தை உயர்த்திக் கேட்டார், எங்கள் மாடியில் எல்லோரும் கொடுத்தோம். நான் பழைய கம்பெனியை விட்டு, அமெரிக்கக் கம்பெனி ஒன்றுக்கு ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுக்கிறவளாக மாறியிருந்தேன். மீட்டிங் நேரத்தில் நான் ஒரு விரலைத் தூக்கினால் போதும். அக்கா குழாயை நூல் மாதிரி திறந்துகொள்வார், தட்டுகளை மேடையில் வைக்காமல் மடித்த துணியின் மேல் ஒவ்வொன்றாக அடுக்குவார், குக்கர் விசில் வரும்முன் அடுப்பைத் தணித்துவிடுவார். என் குரல் போகிற அந்த ஊரில் யாருக்கும் இப்படி ஒருவர் இருப்பது தெரியாது. மார்ச் வந்தால் அக்காவே கேட்பார்: "பாப்பா, அவங்க மணி மாத்திட்டாங்களா? நான் ஒரு மணி நேரம் முன்னாடி வரணுமா?" பராத்தாக்காரருக்குத் தெரிந்த அதே கணக்கு, இப்போது என் சமையலறையில்.

ஒப்பந்தக்காரி என்று சொன்னேன். அதன் வரி விவரம் பலருக்குத் தெரியாது. தெரியவேண்டும். என்னைப் போன்ற பலர் சட்டப்படி யாருக்கும் ஊழியர் அல்ல. பி.எஃப். கிடையாது, மருத்துவ விடுப்பு கிடையாது, நாளையே வேண்டாம் என்று மெயில் அனுப்பலாம். அப்பா கேட்ட கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது. இன்னொரு பக்கம், வருமான வரிச் சட்டம் இதற்கென்று குறிப்பிடும் தொழில் என்றால் வரவில் பாதியை லாபமாகக் காட்டினால் போதும். பெருவாரியான வரவு வங்கி வழியாக வந்தால் வருஷத்துக்கு 75 லட்சம் வரை இந்தச் சலுகை. சேவை ஏற்றுமதிக்கு ஜி.எஸ்.டி. பூஜ்யம். கொடுக்கும் வருமான வரி மத்திய அரசுக்குப் போகிறது. தமிழ்நாட்டில் இருந்தால் உள்ளாட்சிக்குத் தொழில் வரியாவது கட்டவேண்டும், வருஷத்துக்கு அதிகபட்சம் 2,500 ரூபாய். டெல்லியில் அதுவும் இல்லை. என் டாலரிலிருந்து என் தெருவுக்கு நேராகப் போவது என்று பார்த்தால் வீட்டு வரி ஒன்றுதான். அதுவும் வீடு இருப்பதால் கட்டுவது, வேலைக்காகக் கட்டுவதில்லை. 2011 மார்ச் வரை மென்பொருள் பூங்காக் கம்பெனிகளின் ஏற்றுமதி லாபத்துக்கு வரிவிலக்கு இருந்தது. அந்தப் பழக்கம் இன்றைக்கும் மனசில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, டாலர் வந்தாலே ஊருக்கு நல்லது செய்ததாக. டாலர் வருவது பாதிதான். அது நாலாவைத் தூர்வார, விளக்கு போட, பள்ளிக்கூடம் நடத்த, ஏழைக்கு நடக்கும் தூரத்தில் வீடு கட்ட இறங்கவேண்டும். என்னிடம் அதற்கு வரி கேட்டால் மனசாரக் கட்டுவேன். கேட்கத்தான் ஆளில்லை.

வாடகையைப் பற்றியும் சொல்லவேண்டும். 2025 ஜூலையில் மெக்சிகோ சிட்டியில் ஜனங்கள் தெருவில் இறங்கினார்கள். வெளிநாட்டுச் சம்பளத்தோடு வந்து தங்கும் லேப்டாப்காரர்களால் ரோமா, கோண்டெசா பகுதிகளில் உள்ளூர்க்காரர் வாடகை கொடுக்கமுடியவில்லை என்று கோபம். அங்கே வந்தவர்கள் வெளிநாட்டார். ஜங்புராவுக்கும் போகலுக்கும் வந்தது வெளிநாட்டுச் சம்பளம் மட்டும். வாங்குகிறவர்கள் நம்ம பிள்ளைகள். அதனால் கோபப்படவும் முகம் இல்லை. எங்கள் பின்சந்தில் மொட்டைமாடி பர்சாத்தி அறைகளில் முன்பு தையல்காரர்களும் ஆஸ்பத்திரி அட்டெண்டர்களும் இருந்தார்கள். இப்போது ஏசி போட்டு, சுவரில் வெள்ளை அடித்து, இரண்டு மடங்குக்கு விடுகிறார்கள். நல்ல பிள்ளைகள்தான் வருகிறார்கள், டீக்கடையில் கணக்கு வைத்து ஒழுங்காகக் கொடுக்கிறார்கள். போன தையல்காரர் எங்கே போனார் என்று அவர்களுக்குத் தெரிய வழியில்லை.

2025 ஜூன் 1ஆம் தேதி மதராஸி கேம்ப்பை இடித்தார்கள். பாராபுல்லா நாலா அடைத்துக்கொண்டு மழையில் வெள்ளம் வருகிறது, ஆக்கிரமிப்பை எடுத்தால்தான் தூர்வாரமுடியும் என்பது வழக்கு. மே மாதம் ஹைகோர்ட் உத்தரவு போட்டது. சுமார் 370 வீடுகள். ஏறத்தாழ பாதிப் பேருக்குத்தான் நரேலாவில் மாற்று வீடு. நரேலா டெல்லியின் வடக்கு ஓரம், ஜங்புராவிலிருந்து 40 கிலோமீட்டர் கிட்ட. நாலா அடைத்ததற்கு அதன் கரையில் இருந்தவர்கள்மட்டும்தானா காரணம்? மேலே இருக்கும் காலனிகளின் கழிவும் எங்கள் வீட்டுத் தண்ணீரும் அதில்தானே போகிறது? அந்தக் கேள்வியை இடிக்க வந்த புல்டோசரிடம் கேட்கமுடியாது. அன்றைக்குக் காலையில் நான் போனபோது அக்கா கியாஸ் சிலிண்டரையும் கிரைண்டரையும் ரோட்டோரம் இறக்கிவைத்து, மேலே பெட்ஷீட் போட்டு மூடிக்கொண்டிருந்தார். மகள் பத்தாம் வகுப்புப் புத்தகங்களை அரிசிச் சாக்கில் போட்டுத் தைத்து வைத்திருந்தாள்.

என்னால் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நரேலாவில் உட்காரமுடியும், கொல்லுமாங்குடியில் உட்காரமுடியும். இணைப்பு இருந்தால் போதும். பாத்திரம் தேய்க்கிறவர் பாத்திரம் இருக்கும் இடத்துக்குத்தான் வரவேண்டும். தூரத்திலிருந்து வேலை செய்யமுடிந்த எங்களைக் கிட்டே வைத்துக்கொண்டு, கிட்டே இருந்தே தீரவேண்டியவர்களைத் தூரத்துக்கு அனுப்பியிருக்கிறது இந்த ஊர். இதைவிடத் தலைகீழான ஏற்பாடு எனக்குத் தெரிந்து இல்லை.

அக்காவுக்கு நரேலாவில் வீடு கிடைத்தது. 2019 அக்டோபரிலிருந்து டெல்லி அரசு பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது, அது பெரிய புண்ணியம். டிக்கெட் இலவசமானாலும் நேரம் இலவசமில்லை. இரண்டு பஸ் மாறி, போக வர ஐந்து மணி நேரம் போகிறது. நாலு வீட்டு வேலை இரண்டானது. கேம்ப்பிலிருந்து போன பெண்கள் பலர் வேலையையே விட்டுவிட்டார்கள். எங்கள் மாடியில் சிலர் ஆப்பில் ஆள் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். கால் மணி நேரத்தில் யாரோ வருகிறார்கள், நாளைக்கு வேறு யாரோ. மகளை லோதி எஸ்டேட் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பமுடியாமல் பக்கத்தில் இருக்கும் இந்திப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க அக்கா அலைகிறார்.

அதே வருஷம் செப்டம்பரில் ஒஹையோவைச் சேர்ந்த செனட்டர் ஒருவர், வெளிநாட்டுக்கு வேலையை அனுப்பும் அமெரிக்கக் கம்பெனிகள் அதற்காகக் கொடுக்கும் பணத்தின் மேல் 25 சதவீதம் வரி போடவேண்டும் என்று ஒரு மசோதா கொண்டுவந்தார். எங்கள் வாட்ஸப் குழுக்களில் ஒரே கலவரம். நான் அக்காவிடம் சொன்னேன், அடுத்த வருஷம் என் வேலை எப்படி இருக்குமோ தெரியவில்லை என்று. அக்கா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "உனக்குப் போச்சுன்னா எனக்கும் போச்சு பாப்பா" என்றார். நியாயமான பேச்சு. மெக்சிகோவும் ஒஹையோவும் நாதுபூரும் அந்த ஒரு வாக்கியத்துக்குள் இருக்கின்றன.

நாலைந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து போகலிலேயே ஒரு அறை எடுத்து, வாரநாட்களில் அக்காவும் இன்னும் மூன்று பேரும் தங்கட்டும் என்று யோசித்தோம். பின்சந்தில் விசாரித்தேன். தையல்காரர் இருந்த பர்சாத்திக்கே முன்பணம் இரண்டு மாதம், வாடகை நாலு பெண்களின் சம்பளத்தில் கால்வாசி. அக்கா அதைக் கேட்டு, "அறையெல்லாம் வேணாம். பொட்டப் புள்ளய ராத்திரி தனியா விட்டுட்டு நான் இங்க படுக்கவா? காலைல அஞ்சு மணிக்கு நேரா ஒரு பஸ்ஸு வுடச் சொல்லு, அது போதும்" என்றார்.

அதற்கான மனுவை இந்தியில் எழுதிவைத்திருக்கிறேன். நரேலா மாற்றுக் குடியிருப்பிலிருந்து ஜங்புராவுக்கு, இடையில் மாறாமல், காலை ஐந்து மணிக்கு ஒரு வண்டி, மாலை நாலு மணிக்குத் திரும்ப ஒன்று. கேம்ப்பில் இருந்த பெண்கள் தமிழ்க் கையெழுத்தும் கைநாட்டுமாகப் போட்டு முடித்துவிட்டார்கள். வேலை கொடுக்கிறவர்களின் கையெழுத்தும் இருந்தால் ஆபீசில் எடுபடும் என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் சந்தில் லேப்டாப்காரர்கள் தூங்கி எழுந்ததும், பதினோரு மணிக்கு மேல், மாடி மாடியாக ஏறப்போகிறேன்.